கடைசிப் பேருந்தோடு மூடுகிற பல்கலைக்கழகம்

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு செய்தியைப் பெருமையோடு சொல்வார்கள். வானத்திலிருந்து பார்த்தால் ‘தமிழ்நாடு’ என்று படிக்கும்படி அதன் கட்டடங்களை எழுத்து வடிவத்தில் திட்டமிட்டார்கள் என்பதுதான் அது. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், எம்.ஜி.ஆர். அரசு இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. வ.அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தர். நகருக்கு வெளியே, திருச்சி சாலையில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். ஒரு மொழிக்கென்று ஒரு பல்கலைக்கழகம், அதற்கு இவ்வளவு நிலம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. தமிழ் படித்துப் பிழைக்கிறவள் நான். ஆனால் அந்த எழுத்துகளை வானத்திலிருந்து படிக்கப்போகிறவர் யார்? விமானத்தில் போகிற அமைச்சர் படிக்கலாம். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருக்கிற பொறியாளர் படிக்கலாம். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குச் சித்திரை வெயிலில் நடந்து போகிற பெண்ணுக்கு அது ஒரு சுவர், அப்புறம் வெட்டவெளி, அப்புறம் இன்னொரு சுவர்.

அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காக இதை எழுதவில்லை. நகரத்துக்கு வெளியே நிலம் பார்த்து, மதில் எழுப்பி, முகப்பு வளைவு கட்டி, அதை வளர்ச்சி என்று அழைக்கும் நம் பழக்கத்தின் மேல்தான் எனக்கு வழக்கு. வளாக வளர்ச்சி என்று பேசுகிறபோது எல்லோரும் ஏக்கரில் பேசுகிறார்கள், கட்டட எண்ணிக்கையில் பேசுகிறார்கள், கோடியில் பேசுகிறார்கள். மணிக்கணக்கில் யாரும் பேசுவதில்லை. பெண்ணுக்கு ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு நாளில் அவள் அங்கே எத்தனை மணி நேரம் இருக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். காலை எட்டரைக்குப் பேருந்து ஏறி, பத்தரைக்கு வகுப்புக்கு வந்து, நாலு மணிக்கே கடிகாரம் பார்க்கத் தொடங்குகிறவளுக்கு ஆயிரம் ஏக்கரும் ஐந்தரை மணி நேரம்தான்.

இந்தத் திருச்சி சாலை ஒரு பாடப்புத்தகம். தஞ்சையிலிருந்து புறப்பட்டால் தமிழ்ப் பல்கலைக்கழகம். அடுத்து வல்லம், அங்கே 1988-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி, இன்று ஆண்களும் படிக்கிற நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதற்கும் அப்பால் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா. ஒரே சாலையில் மூன்று பல்கலைக்கழகங்கள். மூன்றும் ஏன் இந்தப் பக்கம் வந்தன என்பதற்கு மண் பதில் சொல்லும். தஞ்சைக்கு வடக்கிலும் கிழக்கிலும் காவிரி, வெண்ணாறு, வெட்டாறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்; நஞ்சை. தென்மேற்கில் வல்லம் மேடு; செம்மண், சரளை. 1934-இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய், நாங்கள் புதாறு என்று சொல்வது, இந்தப் பக்கத்து மேட்டு நிலங்களில் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கொடுத்தது. மிச்சம் கடலை, முந்திரி, பிற்பாடு தைலமரம். நஞ்சையில் பட்டாவும் குத்தகையும் கோயில் நிலமுமாகச் சிக்கல்; மேட்டில் அரசுக்குப் புறம்போக்கு இருந்தது. எனவே வளாகங்கள் மேட்டுக்கு ஏறின. ‘சும்மா கிடந்த தரிசு’ என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

எந்த நிலமும் சும்மா கிடப்பதில்லை என்று சுள்ளி பொறுக்கிய எந்தப் பெண்ணும் சொல்வாள். மேட்டு நிலத்துப் பெண்கள் அங்கே ஆடு மேய்த்தார்கள், விறகு ஒடித்தார்கள், முந்திரிக்கொட்டை பொறுக்கினார்கள், கடலை பறித்த கொல்லையில் விட்டுப்போனதைக் கிளறி எடுத்தார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாத காலத்தில் விடியுமுன் ஒதுங்கியதும் அங்கேதான். இவற்றில் எதுவும் வருவாய்த் துறையின் அடங்கலில் ஏறாது. அடங்கலில் பயிர் ஏறும். அந்தப் பயிரைச் சுற்றிப் பெண்கள் நடத்துகிற வாழ்க்கை ஏறாது. கணக்கில் இல்லாத உழைப்பு நடந்த நிலம் காலி நிலம் ஆகிவிடுகிறது. மதில் எழும்பினால் இழப்பீட்டுப் பட்டியலில் அவள் பெயர் வருவதில்லை, அவளிடம் பட்டா இருந்ததே இல்லை என்பதால். திருமலைசமுத்திரத்தில் திறந்தவெளிச் சிறைச்சாலைக்கென ஒதுக்கிய 31.37 ஏக்கர் சாஸ்த்ராவின் ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்று அரசு சொல்லி, பல ஆண்டுகள் வழக்கு நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஒரு பக்கம் அரசு, ஒரு பக்கம் நிறுவனம். இதுபோன்ற வழக்கு எந்த ஊரில் நடந்தாலும், சர்வே எண்ணுக்கு முன்னால் அந்த நிலத்தில் நடந்து போனவர்கள் யார் என்று விசாரிக்க ஒரு மனுதாரரும் கிடைப்பதில்லை.

நஞ்சைக்குள்ளேயும் வளாகம் வந்துவிட்டது. 2009-இல் அமைந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூருக்குப் பக்கத்தில், வெட்டாற்றின் கரையில், நீலக்குடியிலும் நாகக்குடியிலும் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. நாகை, திருவாரூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் டெல்டாக் கல்லூரிகளைப் பல்லாண்டுகள் இணைத்து வைத்திருந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சியிலிருந்தும் இருபது கிலோமீட்டருக்கு மேல், புதுக்கோட்டைச் சாலையில், பல்கலைப்பேரூர் என்ற இடத்தில் இருக்கிறது. வேதாரண்யத்துப் பெண் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க அங்கே போய்த் திரும்புவது ஒருநாள் யாத்திரை. துணைக்கு அண்ணனோ அப்பாவோ வர வேண்டும். அவருக்கு ஒருநாள் கூலி போகும். தூரம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள், அந்தத் தூரத்தைப் பெண் தனியாகக் கடக்க வீட்டில் எத்தனை பேரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்பதையும் கிலோமீட்டரோடு சேர்த்துக் கூட்டட்டும்.

தூரம் பெண்களுக்கு எதிராக வேலை செய்வது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் பெண்களுக்காகத் தொடங்கிய கர்ட்டன் கல்லூரியை 1873-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு வந்தபோது, நகரத்தில் வைக்கவில்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள். ஆண் மாணவர்களுக்கு நடுவே பெண்கள் புழங்கினால் பெயர் கெடும் என்ற பயம். அந்தப் பெண்கள் விரிவுரைக்காக நகரத்துக்குப் போய் வந்து படித்தார்கள், தேர்வில் தேறினார்கள். கேம்பிரிட்ஜ் அவர்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல். ஒழுக்கத்தின் பெயரால் ஒருமுறை தள்ளி வைத்துவிட்டால், உள்ளே வருவதற்கு முக்கால் நூற்றாண்டு பிடிக்கிறது. நம் புறநகர் வளாகத்தில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாகத்தான் தள்ளி வைக்கிறோம். ஆனால் அவனிடம் பைக் இருக்கிறது.

உள்ளே வந்து தங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா? அகத்திணையில் ‘இற்செறிப்பு’ என்று ஒரு துறை உண்டு. முதுகலை மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நான் அதை நடத்துகிறேன். தினைப்புனத்தில் கிளி ஓட்டக் குறமகளை அனுப்புவார்கள். தினை முற்றி அறுவடை ஆகிவிட்டால், அல்லது அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டால், வீட்டுக்குள் வைத்துக் காப்பார்கள். அவளுடைய உழைப்பு தேவைப்படும்வரை மலை அவளுக்குத் திறந்திருக்கிறது. தேவை முடிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. பதினோரு மணிக்கு வகுப்பில் இதை விளக்கிச் சொல்லும்போது மாணவிகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு உரை தேவைப்படவில்லை. மாலை ஆறு மணிக்கு விடுதிக் காப்பாளர் பேரேட்டோடு வாசலில் நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் முனைவர் பட்டம் செய்த வளாகமும் ஊருக்கு வெளியேதான். அங்கே நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருந்தது. பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடியது. ஆண்கள் விடுதிக்குக் கதவு இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. யாரும் அதை மூடிப் பார்த்ததில்லை. கட்டணம் இருவருக்கும் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர நூலகம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கலாம் என்றால், தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சுற்றுவட்டத்தில் வீடு கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்களும் முதலில் சாதியைக் கேட்டார்கள். நடவுக்குப் போன அம்மாவின் மகள் நான். பதில் சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று தெரியவரும். புறநகர் வளாகம் என்றால் அதைச் சுற்றி முளைக்கும் புறநகரும் சேர்த்திதான். அந்தப் புறநகரின் வாடகைச் சட்டத்தை எழுதியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. ஆனால் அங்கே போய் நில் என்று எங்களை அனுப்பியது பல்கலைக்கழகம்.

இப்படி அடைப்பது சட்டப்படியும் தவறு. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளை எத்தனை காப்பாளர்கள் படித்திருப்பார்கள்? பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. பெரிய வளாகங்களில் விடுதி, நூலகம், ஆய்வகம் இவற்றுக்கு இடையே நம்பகமான போக்குவரத்து வேண்டும். பெண்கள் நூலகத்தில் நேரங்கழித்து வேலை செய்ய அது உதவ வேண்டும். போதிய விளக்கு வேண்டும். தங்கிப் படிக்கும் நிறுவனங்கள் பெண்கள் விடுதி கட்டுவதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. தில்லியில் ‘கூண்டை உடை’ என்ற பொருளில் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று பெயர் வைத்துக்கொண்டு மாணவிகள் தெருவுக்கு வந்ததும் அதே 2015-இல்தான். பத்து ஆண்டுகள் கழித்தும் நம் பக்கத்தில் இந்த விதிமுறைகளை வைத்துப் பேசினால், பேசுகிற பெண்ணின் ஒழுக்கம்தான் முதலில் விசாரணைக்கு வருகிறது.

உடனே பாதுகாப்பு என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பரில் நடந்ததை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. கிண்டியில், சென்னை மாநகரத்தின் நடுவில் இருக்கும் வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் நுழைந்து ஒரு மாணவியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான். அவள் துணிந்து புகார் கொடுத்தாள். அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் பெண் காவல் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூனில் அவனுக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்துப் பெற்றோர் எத்தனை பேர் மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த வழக்கு சொல்லும் பாடம் என்ன? வழக்கமாக வந்துபோன ஒருவனைத் தடுக்க யாரும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத மூலைகள் வளாகத்தில் இருந்தன. பெண்களை ஆறு மணிக்கு உள்ளே போட்டுப் பூட்டினால் வளாகம் முழுக்க அப்படிப்பட்ட மூலை ஆகும். வெளியே நிற்கிற ஒருத்தி தனியாள் ஆவாள். நூறு பெண்கள் நூலகத்திலிருந்து எட்டு மணிக்கு ஒன்றாக இறங்கி வருகிற பாதைக்கு எந்தக் கேமராவும் ஈடில்லை.

இந்தப் பாதுகாப்புக் கவலை எந்தப் பெண்ணுடலுக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். நடவுக் காலத்தில் டெல்டா முழுவதும் இருட்டோடு பெண்கள் புறப்படுகிறார்கள். லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு, வரப்பில் நடந்து, பாம்புக்கும் மேஸ்திரியின் கைக்கும் நடுவில் வேலைக்குப் போகிறார்கள். பொம்பளை இந்த நேரத்தில் தனியாகப் போகலாமா என்று எந்த மிராசுதாரும் கேட்டதில்லை. வளாகத்திலேயே பாருங்கள்: துணைவேந்தர் வருவதற்குள் தரை காய வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் துடைப்பத்தோடு நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்கள் எந்தப் பேருந்தில் வந்தார்கள்? அந்த நேரத்தில் பேருந்தே கிடையாது. அவர்கள் நடந்து வந்தார்கள். உழைக்கும் பெண் இருட்டில் நடக்கலாம், அவள் மகள் விளக்கடியில் படிக்கக் கூடாது. இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. தினைப்புனத்துக் கணக்குத்தான் இது.

என் மாணவி ஒருத்தி பாபநாசத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் இளங்கலைக் காலம் முழுக்க மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் படித்தவள். 2021-லிருந்து நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் அவள் முதுகலைக்கு வந்திருக்கவே மாட்டாள். அரசு செய்த இந்த இரண்டையும் இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாலையில் ஒரு கருத்தரங்கு. அவளைக் கட்டுரை வாசிக்கச் சொன்னேன். “அம்மா, எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு ஏழே காலு. அதுல விட்டா பாபநாசத்துலேருந்து நாலு மைல் நடக்கணும். எனக்குப் பயம் இல்லம்மா. ஊர்ல பார்த்துட்டா மறுநாள் அனுப்ப மாட்டாங்க” என்றாள். கருத்தரங்கை மதியத்துக்கு மாற்றினோம். ஒருமுறை மாற்றலாம். சிறப்புச் சொற்பொழிவு, நாடகம், திரையிடல், கவியரங்கம் என்று ஒரு பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகம் ஆக்குகிற பாதி விஷயம் மாலையில்தான் நடக்கிறது. அந்தப் பாதி ஆண்களுடையது. டிக்கெட்டின் விலை போய்விட்டது. கடைசிப் பேருந்தின் நேரம் அப்படியே நிற்கிறது.

இதெல்லாம் நடக்காத காரியம், பணம் எங்கே என்பவர்களை நம் ஊர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். ராஜராஜன் அந்தக் கோயிலுக்காகச் சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்தான். கோயில் சுவரில் அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று இருக்கிறது. அந்தப் பெண்களின் வாழ்க்கையைப் பொற்காலம் என்று விற்கிற கூட்டத்தில் நான் இல்லை. அவர்களைக் கேட்டுக் கொண்டுவரவில்லை. கோயிலின் உடைமையாகக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிலவுடைமை அரசுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருந்தது: பெண்களை வைத்து ஒரு நிறுவனம் நடத்த வேண்டுமானால் அவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும், சோறு வேண்டும். மக்களாட்சியின் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கணக்குக் கூடவா வராது? உடைமையாக வந்தவளுக்கு வீட்டு எண் இருந்தது. உரிமையோடு வருகிறவளுக்கு விடுதியில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது.

இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் பல்கலைக்கழகம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதம் மசோதாவும் நிறைவேறியது. டெல்டாவுக்கு அது வேண்டும். வேண்டவே வேண்டும். என்றைக்கு எழும்பினாலும், எங்கே எழும்பப் போகிறது என்பதில்தான் என் கவலை. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-லிருந்து காவிரிக் கரையில், ஊரோடு ஒட்டி நிற்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகலாம். தஞ்சையில் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி நகரத்துக்குள் இருக்கிறது. முதல் தலைமுறைப் பெண்கள் அங்கே குவிவதற்குக் கட்டணம் மட்டும் காரணம் இல்லை. போகவும் வரவும் முடிகிறது. புதிய பல்கலைக்கழகத்துக்கும் புறவழிச்சாலையில் முந்நூறு ஏக்கர் தேடித்தான் ஆக வேண்டுமா? நகரத்துக்குள் இருக்கிற கல்லூரிகளை வளர்த்து, பக்கத்துத் தெருக்களில் கட்டடங்களைப் பிரித்து வைத்து ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த முடியாதா? கேம்பிரிட்ஜின் பழைய கல்லூரிகள் நடப்பது கடைத்தெருவுக்கு நடுவில்தான்.

வெளியேதான் வேண்டும் என்றால், அடிக்கல்லுக்கு முன்னால் சில காகிதங்களை மேசையில் வையுங்கள். மாவட்டத்தின் கடைசிக் கிராமத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு பெண் பேருந்தில் வந்து திரும்ப எவ்வளவு நேரம் என்று எழுதிய கால அட்டவணை ஒன்று. நிர்வாகக் கட்டடத்துக்கு முன்பாகப் பெண்கள் விடுதி, ஆண்கள் விடுதிக்கு என்ன நேரமோ அதே நேரம் என்று எழுதிய உத்தரவு ஒன்று. நூலகம் மூடி அரை மணி கழித்துப் புறப்படுகிற கடைசிப் பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகத்தின் கையெழுத்து ஒன்று. அது முகப்பு வளைவில் நிற்காமல் துறைவாசல்வரை வர வேண்டும். ஆய்வு மாணவிக்கு 240 நாள் மகப்பேற்று விடுப்பு மானியக் குழு விதியில் இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. அந்தக் காப்பகம் எந்த அறையில் என்று வரைபடத்தில் காட்டுங்கள். துப்புரவுப் பெண்களை நிரந்தரம் ஆக்குங்கள், அவர்கள் நேரத்துக்கும் பேருந்து விடுங்கள். மதிலுக்குள் அகப்படப்போகிற ஒற்றையடிப் பாதைகளில் இன்றைக்கு யார் நடக்கிறார்கள் என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள்; அந்தப் பாதைகளுக்கு மதிலில் வாசல் வையுங்கள்.

இவற்றில் எதற்கும் ஆயிரம் ஏக்கர் தேவையில்லை, ஆயிரம் கோடியும் தேவையில்லை. நிலத் தேர்வுக் குழு என்று ஒன்று போட்டால், அதில் பாதிப் பேர் தினமும் டவுன் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண்களாக இருக்கட்டும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வையுங்கள். அவர்கள் எப்படி வீடு திரும்பப் போகிறார்கள் என்பதை முதல் தீர்மானமாக எழுதிவிட்டு, அதற்கப்புறம் வரைபடத்தைப் பிரியுங்கள்.